உப்பு மிகுந்த தோல் ஆலைக் கழிவுநீர்: கசடைப் பழக்கும் முறை

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத் தொழிற்சாலைகளுக்குப் பச்சைத் தோல் பெரும்பாலும் உப்புத் தடவியே வருகிறது. அதை ஊறவைத்த முதல் தண்ணீரில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். கூடவே ரத்தமும் சாணமும் புரதமும். பாக்டீரியா இந்த அழுக்கைத் தின்னும். ஆனால் பழகாத பாக்டீரியாவை நேரே இதில் விட்டால், செல்லுக்குள் உள்ள நீர் வெளியேறி அது சுருங்கிவிடும். எனவே முதலில் பழக்க வேண்டும். ஒரு 20 லிட்டர் வாளி போதும்.

முதல் படி: பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டத் தொட்டியிலிருந்து பாக்டீரியா நிறைந்த கசடு 5 லிட்டர் வாங்குங்கள். கையுறை அவசியம். கசட்டு நீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து, அதே அளவிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாம் படி: ஊறல் நீரை வடிகட்டி முடியையும் கொழுப்பையும் நீக்கி, நல்ல தண்ணீர் சேர்த்து அந்த உப்பு அளவுக்குக் கொண்டுவந்து, 10 லிட்டர் ஊற்றுங்கள். புரதம் இருப்பதால் நைட்ரஜன் போட வேண்டியதில்லை. பாஸ்பரஸ் குறைந்தால் மட்டும் சிறிது சேர்க்கலாம்.

மூன்றாம் படி: மீன்தொட்டிப் பம்பால் இடைவிடாமல் காற்று கொடுங்கள். உப்பு ஏற ஏற ஆக்சிஜன் கரைவது குறையும். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் கொள்ளும். கடல்நீர் அளவு உப்பில் 6.7தான். கரைந்த ஆக்சிஜன் 2க்குக் கீழே போகக் கூடாது.

நான்காம் படிதான் உண்மையான வேலை. தினமும் பம்பை நிறுத்தி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரில் 5 லிட்டர் வடித்துவிட்டு அதே அளவு புதிதாகக் கலந்த ஊறல் நீர் ஊற்றுங்கள். அழுக்கு நீங்கும் அளவு நிலைபெற்ற பிறகு, ஊற்றும் நீரில் உப்பை லிட்டருக்கு 5 கிராம் கூட்டுங்கள். நாள்கணக்கைப் பார்க்காதீர்கள், கசடைப் பாருங்கள். வாளியின் கலங்கலை ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் எடுத்து அரை மணி நேரம் வையுங்கள். மேல்நீர் பால்போல் கலங்கி நின்றால் உப்பை ஏற்றாமல், ஊற்றும் அளவைப் பாதியாக்கிக் காத்திருங்கள். பயந்துபோய் நல்ல தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். உப்பு திடீரென இறங்கினால் செல்கள் உப்பி வெடிக்கும்.

அழுக்கு எவ்வளவு என்று காட்டும் வேதி ஆக்சிஜன் தேவையை (COD) அளக்கும்போது கவனம். உப்பில் உள்ள குளோரைடும், அழுக்கை அளக்கச் சேர்க்கும் டைக்குரோமேட்டை உண்பதால் அழுக்கு இல்லாத நீரும் அழுக்காகத் தெரியும். குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை மாதிரியை நீர்த்து, மெர்க்குரிக் சல்பேட் சேர்த்த பிறகே அளவிடுங்கள்.

பாக்டீரியா அழுக்கைத்தான் தின்கிறது, உப்பை அல்ல. தமிழ்நாட்டில் வெளியேற்றும் நீரில் உப்பு உள்ளிட்ட கரைந்த திடப்பொருள் வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். அதனால் பெரிய ஆலைகளில் இதற்குப் பின் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் வருகின்றன. வாளியிலிருந்து வடித்த நீரைத் தோட்டத்திலோ சாக்கடையிலோ ஊற்றாமல் சுத்திகரிப்பு நிலையத்திலேயே திருப்பிக் கொடுங்கள். பாலாற்றுக் கரையில் உப்பேறிய கிணறுகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.