நைனாவின் துப்பாக்கி: லைசென்ஸ்காரர் இறந்த பிறகு வீட்டார் செய்ய வேண்டியது

நைனாவின், அதாவது அப்பாவின், காரியம் முடிந்த மறுநாள் அம்மா பரணைக் காட்டி, "அத்த இன்னா பண்றது?" என்றாள். பழைய வேட்டியில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கி. பக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏழு தோட்டா. குடியாத்தத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் கொல்லை. வேர்க்கடலை போட்டால் காட்டுப்பன்றி வந்துவிடும். அதை வெடிச் சத்தத்தில் விரட்டத்தான் நைனா 1984-ல் லைசென்ஸ் வாங்கினார்.

நான் இ-சேவை மையம் நடத்துகிறவள். வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் தினமும் ஊருக்கே விண்ணப்பம் போடுகிறேன். துப்பாக்கி என்று வந்தபோது எனக்கே கை கால் ஓடவில்லை. அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. ஆள் போனதும் அந்த லைசென்ஸ் புத்தகம் யாருக்கும் செல்லாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி, வாரிசுகள் தாமதிக்காமல் துப்பாக்கியையும் தோட்டாவையும் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். "வருஷம் திரும்பட்டும்" என்று சித்தப்பா சொன்னார். கேட்டிருந்தால், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த குற்றம் அம்மா தலையில் விழுந்திருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை.

எடுத்துப் போகும் முன் ஸ்டேஷனுக்கு போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். குழலை மடக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள். மடக்கத் தெரியாவிட்டால் தொடவே வேண்டாம், போலீஸை வீட்டுக்கே வரச் சொல்லலாம். நாங்கள் குழல் வேறு கட்டை வேறாகக் கழற்றி, கோணிப்பையில் போட்டு, லைசென்ஸ் புத்தகத்தோடும் இறப்புச் சான்றிதழோடும் போனோம். நான் போன ஸ்டேஷனில் ரைட்டர் வாங்கி மூலையில் சாத்திவிட்டு, "சரிம்மா, போங்க" என்றார். போகாதீர்கள். ரசீது வாங்குங்கள். துப்பாக்கி எண், போர் (bore, குழலின் அளவு), தோட்டா எத்தனை, குழலும் கட்டையும் என்ன நிலையில் இருக்கின்றன, எல்லாம் அதில் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் எழுதி வாங்கவில்லை. திரும்பி வந்தபோது குழல் முழுக்கத் துரு. யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்தது இந்த போர் விஷயம். குழலிலேயே பொறித்திருக்கும், லைசென்ஸிலும் இருக்கும். எங்களுடையது 12 போர், அதனால் பிரச்சினை இல்லை. .303, 7.62 மி.மீ., 9 மி.மீ. என்று ராணுவத் தோட்டா ஏற்கிற எதுவாக இருந்தாலும் அது தடைசெய்யப்பட்ட போர். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுகிற ரகம் தடைசெய்யப்பட்ட ஆயுதம். இவை கலெக்டர் கையிலேயே இல்லை, டெல்லியில் உள்துறை அமைச்சகம்தான் பார்க்கும். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 7 முதல் 14 வருடம் வரை சிறை. லைசென்ஸ்காரர்கள் .32 ரிவால்வர், .315 ரைபிள் என்று வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ராணுவத் தோட்டா அவற்றில் ஏறாது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர். தாத்தா கொண்டுவந்தது என்று பெட்டியடியில் ஏதாவது கிடந்தால் பெருமை பேசிக்கொண்டிருக்காமல் வக்கீலைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன், "நம்ம ஸ்டேட்ல என்ன சட்டம் அத்தை?" என்று கேட்டான். அங்கே மாநிலத்துக்கு ஒரு சட்டம். கலிஃபோர்னியா ராணுவ ரகத் துப்பாக்கிகளுக்கு 1989-லேயே தடை போட்டது. நாடு முழுவதற்குமாக 1994-ல் வந்த தடையோ 2004-ல் காலாவதியாகிவிட்டது. இங்கே ஆயுதம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. குடியாத்தத்துக்கும் குவாஹாட்டிக்கும் ஒரே சட்டம்தான்.

துப்பாக்கி வேண்டாம் என்றால் லைசென்ஸ் உள்ளவருக்கோ வியாபாரிக்கோ விற்கலாம், அரசிடமே விட்டுவிடலாம். எதுவும் செய்யாமல் குறித்த காலம் தாண்டினால் அது அரசுக்கே போய்விடும். வேண்டும் என்றால் வாரிசுகளில் ஒருவர் தன் பெயரில் புது லைசென்ஸ் கேட்க வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். மகன்தான் கேட்க வேண்டும் என்று எங்கும் இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்று நாலு பேர் கேட்டார்கள். கொல்லையைப் பார்ப்பது நான்தானே.

எந்த கலெக்டர் ஆபீஸ் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நைனாவின் புத்தகத்தில் வட ஆற்காடு மாவட்ட முத்திரை. அந்த மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் 2019-ல் மூன்றானது. முத்திரையைப் பார்க்காதீர்கள், இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்றால் வேலூர் சத்துவாச்சாரி. ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். ஆற்காடு, வாலாஜா என்றால் ராணிப்பேட்டை.

படிவம் ஏ-1. அதோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஒப்படைத்த ரசீது, பழைய லைசென்ஸ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், உடல்நலமும் மனநலமும் சரி என்று டாக்டர் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயின்ற சான்று. ஆட்சேபணையின்மைக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். அண்ணனிடம் கையெழுத்து வாங்க எனக்கு மூன்று பொங்கல் சீர் பேச்சு ஓடியது. அப்புறம் போலீஸ் விசாரணை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. முன்பு மூன்று இருந்ததை 2019-ல் குறைத்தார்கள், வாரிசுக்கும் அதே கணக்குதான். லைசென்ஸ் 5 வருடத்துக்கு. பன்றியைச் சுட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி வழக்கு, லைசென்ஸ் அதற்குக் கேடயம் ஆகாது. கல்யாண வீட்டில் குஷியாக மேலே சுட்டால்கூட 2 வருடம் வரை சிறை உண்டு.

நைனாவுக்கு 70 வயது ஆனபோதே அவர் எங்களில் ஒருவர் பெயரைச் சொல்லி லைசென்ஸை மாற்றக் கேட்டிருக்கலாம், 2016 ஆயுத விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் இருந்தால் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை மறுபடி ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். இப்போதெல்லாம் குழலுக்கு எண்ணெய் தடவி, நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுத்தான் கோணியில் போடுகிறேன். ரசீது அம்மாவின் அரிசி டப்பாவில் இருக்கிறது.