கார்ப்பெட்டில் படிந்த பொடியும் நிறமாற்றமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்ப்பெட்டில் பொடி கொட்டியதும் ஈரத்துணியைத் தேடி ஓடுவதுதான் முதல் தவறு. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கும் அதுவே காரணம். உலர்ந்த பொடி இழைகளுக்கு நடுவே சும்மாதான் கிடக்கும். தண்ணீர் பட்டால்தான் வேலையைக் காட்டும். பேக்கிங் சோடா கரைந்து, காயும்போது இழையைச் சுற்றிப் படிகமாக இறுகிவிடும். சோளமாவு பசையாகும். டால்கம் பவுடர் கரையவே கரையாது, சேறாகி அடியில் இறங்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கெட்டியாகிப் போனால் இழையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே, உலர்ந்த நிலையில் வரக்கூடியது அத்தனையும் வந்த பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

வேக்யூம் கிளீனரைப் பயன்படுத்துவதிலும் தவறு நடக்கிறது. சுழலும் பிரஷ்ஷை ஓடவிட்டால் அது பொடியைச் சிதறடிக்கும், இன்னும் ஆழமாகவும் தள்ளும். பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, குறுகிய வாய் உள்ள குழாயை மாட்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக உறிஞ்ச வேண்டும். இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், ஒரே திசையில் இழுத்தால் சாய்வுக்கு அடியில் இருப்பது வராது. அதே இடத்தை நான்கு திசைகளிலும் உறிஞ்சுங்கள். சுருட்டக்கூடிய விரிப்பாக இருந்தால், வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினால் அடிவரை இறங்கிய பொடியும் உதிரும்.

நடுநடுவே ஃபில்டரைப் பார்ப்பது முக்கியம். நுண்பொடி அதை விரைவில் அடைத்துவிடும். பொடி தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் உறிஞ்சும் சக்திதான் தீர்ந்திருக்கும். வாடை போக்க பேக்கிங் சோடாவை அள்ளிக் கொட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். இழை மறையும் அளவுக்குக் கொட்டத் தேவையில்லை, மெல்லியதாகத் தூவினால் போதும்.

இரண்டு பொடிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். முதலாவது பிரிண்டர் டோனர். அது நிறமி கலந்த பிளாஸ்டிக் துகள். சூட்டில் உருகித் தாளில் ஒட்டுவதற்காகவே செய்யப்பட்டது. வெந்நீரோ நீராவியோ பட்டால் கார்ப்பெட்டிலும் அதேபோல் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்க வழியில்லை. சாதாரண வேக்யூமின் ஃபில்டர் வழியே இத்துகள் நழுவி, பின்புறக் காற்றோடு அறை முழுக்கப் பரவும். மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள கருவி வேண்டும், தண்ணீர் தேவைப்பட்டால் குளிர்ந்த நீர் மட்டும். இரண்டாவது தீயணைப்பான் பொடி. பலவகைத் தீயை அணைக்கும் ஏ.பி.சி. வகையில் உள்ள மோனோ அமோனியம் பாஸ்பேட் ஈரம் பட்டால் அமிலத்தன்மை கொண்டு ஒட்டிக்கொள்ளும், பக்கத்திலுள்ள உலோகக் கால்களையும் அரிக்கும். முகக்கவசம் அணிந்து, முழுக்க உலர்வாகவே எடுங்கள்.

அடுத்தது, பலரும் நம்பிச் செய்யும் பேக்கிங் சோடா, வினிகர் கலவை. நுரை பொங்குவதைப் பார்த்தால் அழுக்கு கிளம்புவதுபோலத் தோன்றும். நடப்பது வேறு: காரமும் அமிலமும் ஒன்றையொன்று சமன்செய்து, கரியமில வாயு வெளியேறி, சோடியம் அசிடேட் என்ற இன்னொரு உப்பு கார்ப்பெட்டில் மிஞ்சுகிறது. வினிகருக்கு இங்கே வேலை உண்டு, ஆனால் கடைசியில்தான். உலர்வாக எடுத்த பிறகும் சோடாவின் வெள்ளைப் படலம் தெரிந்தால், 250 மில்லி தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, லேசாகத் தெளித்து, வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் தண்ணீர் தெளித்து மறுபடி ஒற்றுங்கள். டால்க், டோனர் போன்றவற்றுக்கு வினிகரால் பயன் இல்லை. எந்தக் கரைசலானாலும் முதலில் மறைவான மூலையில் தடவி, 10 நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அத்தோடு நிறுத்துங்கள்.

ஒற்றுவதற்கும் தேய்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தேய்த்தால் இழையின் முறுக்கு பிரிந்து பஞ்சாகும். கறை போனாலும் அந்த இடம் மங்கலாகவே தெரியும். சோப்பு கூடுவதும் கெடுதலே. 250 மில்லி தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் கால் தேக்கரண்டி போதும். கூடினால் பிசுபிசுப்பு மிஞ்சி, நடக்க நடக்க அழுக்கை இழுத்து, சில வாரத்தில் சாம்பல் நிறத் திட்டு உருவாகும். துணி துவைக்கும் பவுடரைத் தொடவே வேண்டாம். அதில் பெரும்பாலும் இருக்கும் வெண்மையூட்டிகள் இழையில் தங்கி நிறத்தை மாற்றிக் காட்டும். சிலவற்றில் உள்ள சோடியம் பெர்கார்பனேட், மிச்சமிருந்தால் பிறகு ஈரம் படும்போது வெளுக்கவும் தொடங்கும்.

நிறம் மாறிய இடத்தில் எதையும் ஊற்றுவதற்கு முன், அங்கே ஏதாவது படிந்திருக்கிறதா, அல்லது சாயமே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். படிந்ததை எடுக்கலாம். போன சாயத்தை எந்தக் கிளீனரும் திருப்பித் தராது. நீச்சல்குளக் குளோரின் பொடியும், முகப்பரு மருந்திலுள்ள பென்சாயில் பெராக்சைடும் சாயத்தை அழிப்பவை. அங்கே மேலும் மேலும் கழுவினால் திட்டு பெரிதாவதுதான் மிச்சம். நிபுணரிடம் சாயம் ஏற்றலாம், அல்லது அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டலாம். கறை போகவில்லை என்று குளோரின் பிளீச்சை ஊற்றாதீர்கள்: கம்பளி, பட்டு இழைகளை அது கரைத்தே விடும். பிளீச்சை வினிகருடன் சேர்த்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

காய்ந்த பிறகு பழுப்புத் திட்டு தோன்றினால், பெரும்பாலும் காரணம் அதிகப்படியான தண்ணீர். சணல் அடித்தளத்தின் பழுப்புப் பொருள் ஈரத்தோடு இழை நுனிக்கு ஏறி அங்கே தங்கிவிடும். காரத்தன்மை மிஞ்சியிருந்தால் இன்னும் அடர்ந்து தெரியும். அடியில் இறங்கிய கறையும் இதே வழியில்தான் மேலே வரும். மேலே சொன்ன வினிகர் கரைசலைக் கொஞ்சமாகத் தெளித்து ஒற்றிய பின், மடித்த வெள்ளைத் துணியைப் பரப்பி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளும் கனமான பொருளும் வையுங்கள். ஏறி வரும் ஈரம் துணிக்குள் போகும். சில மணி நேரத்தில் துணியை மாற்றுங்கள். துணி கறைபடாமல் வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். ஒரு நாள் கழித்தும் அடித்தளம் ஈரமாக இருந்தால் ஓரத்தைத் தூக்கி அடியிலும் காற்று பட வையுங்கள். விட்டால் பூஞ்சை பிடிக்கும்.