தொட்டி மீனைக் கொக்கு கொத்தாமல் இருக்க

வீட்டுத் தொட்டியில் கோய், கப்பி வளர்ப்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு திருடர்கள்: மடையான் என்கிற குருட்டுக் கொக்கு, அப்புறம் மீன்கொத்தி. இரண்டும் பிடிக்கும் விதம் வேறு, அதனால் தடுப்பும் வேறு.

மடையான் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் அசையாமல் நின்று கொத்தும். பழுப்பு முதுகு மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகு காட்டிக்கொடுக்கும். அது நிற்க இடமே தராதீர்கள். சரிவு, படி வேண்டாம். சுவர் நேராக இறங்கட்டும், தண்ணீர் இரண்டடிக்குக் குறையாமல் நிற்கட்டும்.

மீன்கொத்திக்கு மேலே உட்கார்ந்து பார்க்க இடம் வேண்டும். தொட்டிக்கு மேல் போகும் துணிக்கொடி, கேபிள் ஒயர், முருங்கைக் கிளையை முதலில் அகற்றுங்கள்.

வலை கட்டினால் தண்ணீருக்கு ஓரடி மேலே, விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த நைலான் வலையில் பறவையும் சாரைப்பாம்பும் சிக்கிச் செத்துப்போகும். வலை பிடிக்காதவர்கள் பாதித் தொட்டிக்கு அல்லி இலை படரவிட்டு, அடியில் உடைந்த பானை, பிவிசி குழாய்த் துண்டு போடலாம். மீன் ஓடி ஒளிந்துகொள்ளும்.

பளபளக்கும் சிடி, பொம்மை ஆந்தை எல்லாம் சில நாள் கூத்துதான். பழகிவிட்டால் ஆந்தைத் தலையிலேயே உட்கார்ந்து மீன் பார்க்கும்.