பாராங்குக்குப் பித்தளைப் பூண் வார்த்து விற்பது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்பூட்டில், வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நான் கத்தி அடிப்பதில்லை, கத்திக்குப் பிடி போடுகிறேன். மரப்பிடி, அதன் வாயில் பித்தளைப் பூண், கேட்டால் அடியில் ஒரு பித்தளைக் குமிழ், அவ்வளவுதான் வேலை. தோட்டத்தில் உழைக்கிறவர்களுக்குத் தெரியும், பாராங், அதாவது தோட்ட வேலைக்கான வெட்டுக்கத்தி, கெட்டுப்போவது இரும்பில் இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி வருடக்கணக்கில் ஓடும், ஆனால் பிடி ஒரே மழைக்காலத்தில் வாய் பிளந்துவிடும், அப்புறம் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வெட்டுவார்கள், ஒருநாள் செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டையில் கத்தி மாட்டிக்கொள்ள வெறும் பிடி மட்டும் கையோடு வரும். உலக்கைக்கே பூண் போட்ட நம் ஆட்கள் கத்திக்கு மட்டும் தகர வளையத்தோடு ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உலை, மணல் எல்லாம் பிறகு. முதலில் கையை அளந்துகொள்ளுங்கள். கத்தி பிடிக்கிற கையை மூடச் சொல்லி, சுட்டுவிரல் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் பக்கம் வரை அகலம் எடுங்கள். அதோடு 30 மில்லிமீட்டர் கூட்டினால் பிடியின் நீளம். 85 அகலம் உள்ள கைக்கு 115 என்று கணக்கு. பருமனுக்கு, பிடித்திருக்கும்போது நடுவிரல் நுனி கட்டைவிரல் மேட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முழுதாக அழுந்தினால் பிடி மெலிசு, கத்தி கைக்குள் உருளும். எட்டவே இல்லையென்றால் தடிமன் அதிகம், மத்தியானத்துக்குள் முன்கை கடுக்கும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அக்காமார் பலருக்கு ஆண்களுக்குச் செய்த பிடியைத்தான் கடைகள் விற்கின்றன, அவர்கள் கை வலியை வயசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே அளவில் நூறு செய்து அடுக்கி விற்க நினைத்தால் இந்த வேலைக்கு வராதீர்கள், அதைத் தொழிற்சாலை உங்களைவிட மலிவாகச் செய்யும்.

அளவைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பழைய பிடியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். என்னிடம் முதலில் வந்தவர்களில் ஒருவர் பெரியவர், ஓய்வு பெற்ற மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர். நான் வரைந்து வைத்த அழகான வளைவையெல்லாம் காட்டினேன். "தம்பி, புதுசா ஒண்ணும் வேணாம், இந்தப் பழசு என் கைக்குப் பழகிடுச்சு, இதே மாதிரி குடு" என்றார். அந்தப் பிடியில் கட்டைவிரல் பட்ட இடம் குழிந்து, உள்ளங்கை பட்ட இடம் பளபளத்து, சுண்டுவிரல் இருந்த இடத்தில் ஓரம் தேய்ந்திருந்தது. அவர் கையே இத்தனை வருடமாகச் செதுக்கிக்கொண்ட வடிவம் அது, அதைவிடச் சரியான அச்சு எனக்கு யார் தரப்போகிறார்கள்? அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி, "பழசு இருக்கா?"

மரத்தில் ரப்பர் மரம் கையருகே கிடைத்தாலும் மருந்து போடாத கட்டை வேண்டாம், நீலம் பாய்ந்து, வண்டு துளைத்துவிடும். மெர்பாவ், தெம்புசு, கெமுனிங், நன்றாக விளைந்த பலா, இவை எல்லாம் நிற்கும். ஆனால் எந்த மரமானாலும் நிழலில் காய வேண்டும். என் முதல் பத்துப் பிடிகளில் மூன்று திரும்பி வந்ததற்கு இதுதான் காரணம்: மரம் ஈரமாக இருக்கும்போதே பூணை இறுக்கிவிட்டேன், ஒரு மாதத்தில் மரம் வற்றி, பூண் வளையல் போல ஆடியது. இப்போது கட்டையை அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக அறுத்து, வாராவாரம் தராசில் வைக்கிறேன். எடை குறைவது நின்றால்தான் கை வைப்பேன்.

சரி, வார்ப்பு. பூணின் அச்சை மரத்தில் செய்யுங்கள், வெளியே பூண் வடிவம், உள்ளே சின்னக் கிண்ணம் போலக் குழிவு. பித்தளை ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்கும், அரத்துக்கும் கொஞ்சம் போகும், ஆகவே 40 மில்லிமீட்டர் பூணுக்கு நான் 42-இல் அச்சு செய்கிறேன். பக்கங்களை லேசாகச் சரித்து விடுங்கள், நேராக இருந்தால் அச்சை எடுக்கும்போது மணலும் கூடவே வரும்.

மணல் மெலிசாக, சலித்ததாக இருக்க வேண்டும். நூற்றுக்கு எட்டு, பத்துப் பங்கு பென்டோனைட் களிமண் சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். பென்டோனைட் தேடி அலைய வேண்டாம், பூனைக்கு விரிக்கும் மணலில் சிலது பென்டோனைட்தான், பையில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி இடித்துச் சலித்தால் போதும். ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். விரல் ரேகை பதிந்து, உடைத்தால் பொலபொலவென்று உதிராமல் இரண்டாகப் பிட்டுக்கொண்டால் பதம். கையில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் அதிகம், அதைக் காயவிட்ட பிறகுதான் அடுத்த வேலை. சலிக்கும்போது முகமூடி போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது.

இரண்டு மரச் சட்டத்துக்குள் அச்சை வைத்து மணலை இடித்து இறுக்கி, இடையில் பிரிவதற்குத் துணியில் கட்டிய கரித்தூளைத் தட்டி, ஊற்றுவாய் ஒன்றும், காற்றுப் போக சைக்கிள் கம்பியால் நாலைந்து ஓட்டையும் போட்டு, மர அச்சை எடுத்துவிட்டால் பித்தளை ஊற்ற மணல் குழி தயார்.

நெருப்புதான் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. பித்தளை உருக 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், அதற்குள் இருக்கும் துத்தநாகமோ 907 டிகிரியில் கொதிக்கும். அதாவது உருகுகிற நேரமும் புகைகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. வெள்ளைப் புகை கிளம்பினால் துத்தநாகம் போகிறது என்று அர்த்தம், மூச்சில் ஏறினால் அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். எனக்கு வந்திருக்கிறது. சாயங்காலம் வாயில் இரும்பு ருசி, ஏழு மணிக்கு நடுக்கம், டெங்கியோ என்று வீட்டில் பயந்துபோனார்கள். மறுநாளே விட்டுவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு மூடிய இடத்தில் நான் உருக்கியதே இல்லை. திறந்த வெளி, காற்று முதுகுப் பக்கம் இருந்து வர வேண்டும், உருகியதும் ஊற்றிவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் சூடாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மேலே கொஞ்சம் வெண்காரம் போட்டால் அழுக்கைத் திரட்டி மூடிக்கொள்ளும், தட்டார் செய்வதுதான்.

கரிக்கு நான் கோலா செபெத்தாங் பாக்காவ் கரி (சதுப்புநில மரக் கரி) வாங்குகிறேன், நின்று எரியும். வாளிக்குள் தீக்களிமண் பூசிய உலை, அடியில் குழாய், முடி உலர்த்தும் மெஷினின் காற்று, உலோகத்தை உருக்கும் பாத்திரமாகக் கிராஃபைட் மூசை. பழைய தண்ணீர்க் குழாய், வால்வு எல்லாம் பழைய இரும்புக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். மேலே வெள்ளி போல மினுக்கும் குரோமியம் பூச்சு இருந்தால் அந்தத் துண்டை வாங்காதீர்கள். குழாய்ப் பித்தளையில் பெரும்பாலும் ஈயமும் கொஞ்சம் இருக்கும், அதனால் சமையல் கத்திக்கு அதை நான் போடுவதில்லை, பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதும் இல்லை.

ஈரம் மட்டும் கூடவே கூடாது. உருகிய பித்தளைக்குள் ஈரத் துண்டு ஒன்று விழுந்தால் நீர் நொடியில் ஆவியாகி மொத்தத்தையும் மேலே வீசும். போடும் ஒவ்வொரு துண்டையும் உலை விளிம்பில் வைத்துச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள். சிமெண்டுத் தரை மேலும் ஊற்றாதீர்கள், சிந்தினால் சிமெண்டு வெடித்துத் தெறிக்கும், காய்ந்த மணலை விரித்து அதன் மேல் நின்று செய்யுங்கள். தோல் பூட்ஸ், பருத்திக் காற்சட்டை, முகக் கண்ணாடி வேண்டும், சிலிப்பரோடு வராதீர்கள். நம் ஊரில் மழை சாயங்காலம் கொட்டும் என்பதால் நான் காலையில்தான் ஊற்றுவேன்.

ஆறியதும் பூணின் நடுவில் பொந்து போட வேண்டும். கத்தியின் வால், மலாய்க்காரர்கள் புத்திங் என்பார்கள், அது இந்தப் பொந்து வழியாக மரத்துக்குள் போகிறது. வரிசையாகத் துளையிட்டு, சின்ன அரத்தால் இணையுங்கள். இங்கே அவசரப்பட்டால் முழு வேலையும் வீண். வாலில் விளக்குக் கரியைத் தடவி, பொந்தில் செருகி எடுங்கள். கரி ஒட்டிய இடம்தான் இடிக்கிறது, அதை மட்டும் ராவுங்கள், மறுபடி கரி, மறுபடி செருகல். ஒரு கத்திக்கு இருபது தடவைகூட ஆகும். கடைசியில் கையால் தள்ளினால் முக்கால்வாசி போய், கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் உட்கார வேண்டும். இப்படி உட்கார்ந்த பூண், வெட்டும்போது வரும் அதிர்ச்சியை மரத்தின் வாய் மேல் விடாமல் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும், பிளவு வராது.

வாலைச் சிவக்கச் சுட்டு மரத்துக்குள் இறக்குவது பழைய முறை. செய்வதானால் கத்திப் பக்கத்தை ஈரத்துணியில் சுற்றுங்கள், கத்தியின் வெட்டும் வாயில் நீல நிறம் ஏறினால் அந்த இடத்தின் உரம் போய்விட்டது. நான் துளையிட்டு எபோக்சி ஊற்றுகிறேன்.

உப்புத்தாள் 240, 400, 800 என்று போய், கடைசியில் புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை சாமி விளக்கு மாதிரி வரும்.

எடை பற்றி ஒன்று. பித்தளை கன சென்டிமீட்டருக்கு எட்டரை கிராம், மரத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. அடியில் பெரிய குமிழ் வைத்தால் பார்க்க கம்பீரம், ஆனால் எடை கைப்பக்கம் வந்து வெட்டு விழாது. வேலைக் கத்திக்குக் குமிழை உள்ளே குடைந்து போடுங்கள். கோயில் அருவாள் வேறு, முனியாண்டிக்கும் கருப்பருக்கும் சாத்துகிற அருவாளுக்கு அந்தக் கனம்தான் அழகு, அதைக் குடையாதீர்கள்.

இனி விற்பனை. எஸ்எஸ்எம்மில் (வியாபாரங்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிவு செய்துகொள்ளுங்கள், சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப் பெயர் வைத்தால் 60. விலையை மணிக்கணக்கில் போடுங்கள். எனக்கு ஒரு பூணும் பிடியும் ஆறு மணி நேரம், 130 வெள்ளி வாங்குகிறேன், பாதி முன்பணம். "அண்ணே, கடையில பிடி பத்து வெள்ளிதானே" என்பவர்களிடம் வாதாடாமல் என் கத்தியைக் கையில் கொடுத்து, பின்னால் கிடக்கும் மட்டையை நாலு வெட்டு வெட்டச் சொல்வேன். வாங்காமல் போனாலும் பரவாயில்லை. ஆடி மாதத் திருவிழாவுக்கும் ஆயுத பூஜைக்கும் இரண்டு மாதம் முன்பே கோயில் வேலை வரும், அப்போது புதிய ஆர்டரை ஏற்காதீர்கள், தேதி தவறினால் சாமி காரியம். படம் எடுத்தால் காலை வெயிலில், பக்கத்தில் 50 காசு வைத்து எடுங்கள், அளவு தெரியும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. கொண்டு வருகிறவரிடம் கத்தியைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, நேரே கொண்டுவந்து நேரே எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஒரு பையன் அமெரிக்கக் காணொளி பார்த்துவிட்டு, ரிவால்வருக்குப் பித்தளைப் பிடிச்சட்டம் (கைப்பிடியைத் தாங்கும் உலோகக் கூடு) வார்த்துத் தர முடியுமா என்று கேட்டான். அங்கே பழைய கோல்ட் (Colt) கம்பெனி மாதிரித் துப்பாக்கிக்கு அதைத் தனியாகச் செய்து விற்கிறார்கள், உண்மைதான், வேலையும் நம் பூண் வேலைக்குத் தூரம் இல்லை. ஆனால் இங்கே 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் உதிரிப் பாகத்தையும் ஆயுதம் என்றே எண்ணுகிறது. "தம்பி, விளையாட்டுக்குக்கூட இதைக் கேட்காதே" என்று சொல்லி அனுப்பினேன். உங்களிடம் யார் கேட்டாலும் அதே பதில்தான்.

விற்ற பிறகு மூன்றாம் மாதம் ஒரு வாட்சப் அனுப்புங்கள், பூண் ஆடுகிறதா என்று. ஆடினால் காசு வாங்காமல் பிரித்துப் போடுங்கள். அந்த மண்டோர் பெரியவர் பதில் எழுதவில்லை, மோட்டாரில் நேரே வந்தார், பின்னால் அவர் மருமகன், கையில் இன்னொரு பழைய பிடி.