சிக்கிக்கொண்ட டிரைவ் ஷாஃப்ட்: கழற்றும்போது செய்யக்கூடாதவை

முன்சக்கர இழுவைக் கார்களில் திருப்பத்தில் 'டக் டக்' சத்தம் கேட்டாலோ, மூட்டின் ரப்பர் உறையான பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தாலோ, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும், பட்டறையில் ஆக்ஸில் என்று சொல்லும் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றும் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். வேலை ஒன்றும் மலையில்லை. ஷாஃப்ட் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது நாம் காட்டும் முரட்டுத்தனம்தான் செலவை இழுத்துவிடும். ஷாஃப்டை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். பக்கத்தில் நல்லபடியாக இருக்கும் வீல் பேரிங்கையும் கியர்பாக்ஸையும் எதற்காகக் கெடுக்க வேண்டும்?

எந்த முனை சிக்கியிருக்கிறது என்று பார்க்காமல் அடிக்க ஆரம்பிப்பதுதான் பெரிய தவறு. சக்கரப் பக்கம் ஷாஃப்டின் பல்வரிசை, சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்புக்குள் துருவேறி ஒட்டியிருக்கும். கடலோர ஊர்க் கார்களிலும் வெள்ளத்தில் நின்ற கார்களிலும் இது சகஜம். கியர்பாக்ஸ் பக்கம் பெரும்பாலும் துரு காரணமில்லை. சர்க்லிப் என்ற ஒரு சின்ன வளையக் கிளிப் கவ்விப் பிடித்திருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

காரைத் தூக்கிவிட்டு, ஹப் நடுவில் ஷாஃப்ட் முனையை இறுக்கும் பெரிய நட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நட்டை இளக்கி மட்டும் வைத்துவிடுங்கள். பல கார்களில் நட்டின் விளிம்பை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள். அதை நிமிர்த்தாமல் திருகினால் மரை போய்விடும். அப்புறம் ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

ஷாஃப்ட் முனையில் நேராகச் சுத்தியலால் அடிப்பதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். நாலு அடியில் முனை காளான் மாதிரி விரிந்துவிடும். பிறகு நட் ஏறாது. அதைவிட மோசம், விரிந்த முனை ஹப் துளைக்குள்ளும் நுழையாது. அடித்தே ஆக வேண்டுமென்றால், நட்டை முனையோடு சமமாக வரும்வரை திரும்ப ஏற்றி, மேலே பித்தளைக் கம்பியோ கெட்டியான மரக்கட்டையோ வைத்து அளவாகத் தட்டுங்கள். ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் வீல் பேரிங் குண்டுகளுக்கும் போய்ச் சேரும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் சாயங்காலமே விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்கும் அசையவில்லையா? வீல் ஸ்டட்களில் (சக்கர நட் ஏறும் திருகுகள்) மாட்டி ஷாஃப்டைத் தள்ளும் ஹப் புல்லரை வாடகைக்காவது வாங்கிவந்து, முறுக்கேற்றி, கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். ஆனால் முன்னதாக ஹப்பைத் தாங்கும் பகுதியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்டைக் கழற்றி ஹப் வெளிப்பக்கம் நகர இடம் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஷாஃப்ட் உள்ளே போய் முட்டி, மிச்ச அழுத்தம் கியர்பாக்ஸ் மேல் ஏறும். ஹப்பை நகர்த்தும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சார் வயரும் இழுபடாமல் கவனியுங்கள். கேஸ் டார்ச் பக்கமே போக வேண்டாம். பேரிங் சீல் கருகும், சென்சார் உருகும், ஊறவைத்த எண்ணெய் தீப்பிடிக்கும்.

உள்முனையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஷாஃப்டைப் பிடித்து வெளியே இழுத்தால் சர்க்லிப் விடாது. உள்முனையின் கோப்பை வடிவ உறைக்குள் இருக்கும் மூன்று கால் மூட்டான டிரைபாட்தான் உருவிக்கொண்டு வரும், பூட் கிழியும். முதலில் கியர் ஆயிலை வடித்துவிட்டு, கோப்பைக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் நடுவில் லீவரைக் கொடுத்து வெடுக்கென்று ஒரு நெம்பு நெம்புங்கள். வரவில்லையா, ஷாஃப்டைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி நெம்புங்கள். சர்க்லிப் வேறு நிலைக்குப் போனதும் பல நேரம் சட்டென்று வந்துவிடும். லீவர் நுனி ஆழமாகப் போனால் ஆயில் சீல் கிழியும். அலுமினிய உடலின் மெல்லிய இடத்தில் முட்டுக்கொடுத்தால் விரிசல் விடும், அந்தச் செலவைச் சொல்லவே வேண்டாம். இன்னொன்று: சில கார்களில் ஒருபக்க ஷாஃப்டை இன்ஜினோடு ஒரு பிராக்கெட் போல்ட் போட்டுப் பிடித்திருக்கும். அதைக் கவனிக்காமல் நாள் முழுக்க நெம்பினாலும் நகராது.

கழற்றிய பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். இரண்டு பக்க ஷாஃப்டையும் ஒரே நேரத்தில் உருவினால் சில கியர்பாக்ஸ்களில் இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் பல்சக்கரம் இடம் மாறிவிடும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போவது நல்லது. ஷாஃப்ட் இல்லாமல் காரைத் தரையில் இறக்கித் தள்ளவும் கூடாது. பல கார்களில் அந்த நட்டின் இறுக்கம்தான் பேரிங்கைச் சேர்த்துப் பிடிக்கிறது. மாட்டும்போது பழைய நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது நட்டை உங்கள் கார் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள்.