கோதையாறு பவர் ஹவுஸ் பாக்க ஒருநாள் ட்ரிப்பா? இந்த தப்புகள பண்ணிடாதீங்க

லீவு விட்டா போதும், சொந்தக்காரங்கள்ல யாராவது ஒருத்தர் போன் பண்ணி "கோதையாறு போலாமா, பவர் ஹவுஸ் உள்ள விடுவாங்களா"ன்னு கேட்டுருவாங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு திற்பரப்பும் மாத்தூர் தொட்டிப்பாலமும் பழகிப்போன இடம், கோதையாறு அப்படி இல்ல, பேரு எல்லாருக்கும் தெரியும் ஆனா போய் ஒழுங்கா பாத்தவங்க கம்மி. காலைல கிளம்பி போயிட்டு "கேட்லயே திருப்பி விட்டுட்டாங்க, ஒண்ணும் இல்ல அங்க"ன்னு மூஞ்சிய தொங்க போட்டுட்டு வர்றவங்க தான் ஜாஸ்தி. எனக்கு அத கேட்டா வருத்தமா இருக்கும், ஏன்னா அங்க பாக்க அவ்வளவு இருக்கு, எத பாக்கணும்னு தெரியாம போறது தான் பிரச்சனை.

முதல்ல பண்ற தப்பு, எந்த கோதையாறுன்னே தெரியாம வண்டி எடுக்கறது. கோதையாறு ரெண்டு இருக்கு மக்கா. மேல் கோதையாறு திருநெல்வேலி மாவட்டத்து மலைமேல, ரோட்டுல போகணும்னா அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, மாஞ்சோலை, குதிரைவெட்டின்னு சுத்தி போகணும், அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக ஏரியா, ஃபாரஸ்ட்காரங்க பெர்மிஷன் இல்லாம நம்ம வண்டி செக்போஸ்ட்ட தாண்டாது. கீழ் கோதையாறு தான் நம்ம பக்கம், குலசேகரம், பேச்சிப்பாறை வழியா ரப்பர் தோட்டத்துக்குள்ள போற ரோடு. மேலயும் கீழயும் மேப்ல பக்கத்துல பக்கத்துல காட்டும், நடுவுல நிக்கறது செங்குத்தா ஒரு மலை, அதுல ஏற வின்ச் (கம்பி வடம் கட்டி மேல இழுக்கற வண்டி) இருக்கு, அது மின்வாரியத்து வேலைக்காக போட்டது, டூரிஸ்ட் ரைடு இல்ல. "வின்ச்ல ஏத்தி விடுங்க"ன்னு போய் அங்க வேலை பாக்கறவங்கள தொந்தரவு பண்ணாதீங்க. அந்த மேல் கோதையாறு காட்டுல தான் 2023 ஜூன்ல அரிக்கொம்பன்ங்கற காட்டு யானைய கொண்டு விட்டாங்க, அது எப்படிப்பட்ட காடுன்னு இதுலயே புரிஞ்சிருக்கும்.

அடுத்தது பெர்மிஷன். இது மியூசியம் இல்ல, ஓடிட்டு இருக்கற மின்நிலையம், 1970-71 வாக்குல ஓட ஆரம்பிச்சு அம்பது வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னும் கரண்ட் குடுத்துட்டு இருக்கு. அதனால டிக்கெட் எடுத்து உள்ள போற கதை இங்க கிடையாது. காலேஜ், ஸ்கூல் மூலமா போறவங்க முன்கூட்டியே மின்வாரிய அதிகாரிங்களுக்கு எழுத்துல லெட்டர் குடுத்து, எத்தனை பேர், எந்த தேதி எல்லாம் சொல்லி, பதில் கைல வந்தப்புறம் வண்டி பேசுங்க. சும்மா ஃபேமிலியா போறவங்க உள்ள போகலாம்னு நம்பி போகாதீங்க. "எங்க மாமா மின்வாரியத்துல தான் இருக்காரு"ன்னு கேட்ல சொல்றது அங்க நிக்கற வாட்ச்மேனுக்கு தர்மசங்கடம், அவர் வேலைய அவர் பாக்கணும்ல. உள்ள விட்டாலும் போன்ன பையில வச்சுக்கோங்க, போட்டோவும் வீடியோவும் எடுக்க கூடாத இடம் அது, ட்ரோன் பத்தி சொல்லவே வேண்டாம்.

சரி, உள்ள விடலன்னா என்னத்த பாக்கறது? தண்ணி வர்ற வழிய பாருங்க, நான் சொல்ல வந்ததே இது தான். மேல அணையில தேங்கற தண்ணி குழாய் வழியா மலைய விட்டு இறங்கி முதல் பவர் ஹவுஸ்க்கு வருது, அதோட திறன் 60 மெகாவாட். அங்க டர்பைன சுத்திட்டு வெளிய வர்ற அதே தண்ணி கீழ இருக்கற இன்னொரு அணையில தேங்கி ரெண்டாவது பவர் ஹவுஸ்ல இன்னொரு தடவை வேலை செய்யுது, அது 40 மெகாவாட். அப்புறம் பேச்சிப்பாறை அணைக்கு போய், அங்க இருந்து கால்வாய் வழியா வயலுக்கும் வாழைத்தோப்புக்கும் போகுது. ஒரே தண்ணி மூணு வேலை பாக்குது. கூட்டிட்டு போற பிள்ளைங்களுக்கு இத முன்னாடியே சொல்லி வச்சிட்டா, மலையில கோடு மாதிரி இறங்குற அந்த குழாய தூரத்துல பாத்ததுமே அவங்களே கை நீட்டி காட்டுவாங்க. உயரம் ஏன் முக்கியம்னும் சொல்லுங்க. ஒரு கன மீட்டர் தண்ணி ஒரு செகண்டுக்கு 100 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா கணக்குப்படி சுமார் 980 கிலோவாட், உரசல்லயும் மெஷின்லயும் கொஞ்சம் போயிரும். உயரம் டபுள் ஆனா அதே தண்ணில கரண்ட்டும் டபுள், அதான் மலை உச்சியில அணைய கட்டினாங்க.

இதுல பெரியவங்களே பண்ற ஒரு தப்பு இருக்கு, "கரண்ட் எடுத்துட்டா தண்ணில சத்து போயிரும், பயிர் நல்லா வராது"ன்னு பிள்ளைங்க கிட்ட சொல்றது. எங்க தாத்தா காலத்து பேச்சு இது, இன்னும் ஓடுது. தண்ணில இருந்து எடுக்கறது அது விழற வேகத்த மட்டும் தான், தண்ணி தண்ணியா தான் வெளிய வருது, பேச்சிப்பாறை தண்ணில விளைஞ்ச நெல்லும் மட்டி வாழையும் தான் இத்தனை வருஷமா நாம சாப்பிடறோம். இன்னொண்ணு, இத தான் தமிழ்நாட்டோட முதல் நீர்மின் நிலையம்னு சிலர் அடிச்சு விடறாங்க, அது தப்பு. நீலகிரி பைக்காரா 1932, பாபநாசம் 1944. நம்ம ஊரு அப்ப திருவிதாங்கூர்ல இருந்துச்சு, அந்த சமஸ்தானம் மூணாறு பக்கம் பள்ளிவாசல்ல 1940ல ஆரம்பிச்சுச்சு. கோதையாறு இதுக்கெல்லாம் தம்பி, 1956ல நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்ததுக்கு அப்புறம் வந்தது. ஆரல்வாய்மொழில அத்தன காத்தாடி சுத்துது, கூடங்குளத்துல ஒரு யூனிட்டே 1000 மெகாவாட், இந்த 100 மெகாவாட் எதுக்குன்னு கேக்கறவங்களும் இருக்காங்க. காத்து நின்னா காத்தாடி நிக்கும், அணு உலைய நினைச்ச நேரத்துல ஏத்தி இறக்க முடியாது, ஆனா சாயங்காலம் எல்லா வீட்டுலயும் லைட்டும் மிக்ஸியும் ஓடும்போது வால்வ திறந்தா சில நிமிஷத்துல கரண்ட் குடுக்கறது நீர்மின் நிலையம் தான்.

நினைச்ச நேரத்துல ஓட்டறாங்கன்னு சொன்னேன்ல, ஆபத்தும் அதுல தான் இருக்கு, இத மட்டும் தயவு செஞ்சு ரெண்டு தடவை படிங்க. மெஷின் நிக்கும்போது பவர் ஹவுஸ்க்கு கீழ ஆறு பாறையும் குட்டையுமா அமைதியா கெடக்கும், பிள்ளைங்கள இறக்கி விடலாம்னு கை பரபரக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி நானும் அதே தப்ப பண்ணேன். முட்டளவு தண்ணி, வெயில், மேகமே இல்ல, அக்கா பையனோட நீல செருப்பு ஒரு பாறை மேல கழட்டி வச்சிருந்துச்சு. கொஞ்ச தூரத்துல போயிட்டு இருந்த ஒரு காணிக்கார (இந்த மலையில வாழற பழங்குடி) பெரியவர் "வெள்ளம் வருது, பிள்ளையள ஏத்துங்க"ன்னு சத்தம் போட்டாரு. நான் திரும்பி பாத்தா தண்ணி அப்படியே தான் இருந்துச்சு, ஆனா சின்ன சின்ன சருகெல்லாம் நிக்காம வேகமா போக ஆரம்பிச்சிருந்துச்சு, பையன தூக்கிட்டு கரை ஏறி மூச்சு வாங்கறதுக்குள்ள செருப்பு இருந்த பாறையவே காணோம். மழையும் இல்ல சத்தமும் இல்ல, மேல எங்கயோ மெஷின ஓட விட்டிருக்காங்க, அவ்வளவு தான். அப்புறம் அந்த பெரியவர் பாறைய காட்டி சொன்னாரு, தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு ஆள் இடுப்பு உயரத்துல கருப்பா பாசி கோடு ஒண்ணு இருக்கும், அது வரைக்கும் தண்ணி தினம் வந்து போற இடம்னு. இப்ப எந்த ஆத்துக்கு போனாலும் என் கண்ணு முதல்ல அந்த கோட்ட தான் தேடும். குளிக்கணும்னா திற்பரப்புல குளிங்க, பவர் ஹவுஸ்க்கு கீழ வேண்டவே வேண்டாம்.

சீசன் பாக்காம போறதும் தப்பு தான். நம்ம மாவட்டத்துக்கு ஜூன்ல தொடங்கற மழையும் உண்டு, அக்டோபர்ல வர்றதும் உண்டு. கனமழை நேரத்துல குற்றியாறு பக்கம் தரைப்பாலம் மூழ்கி மலைக்கிராமம் எல்லாம் துண்டிச்சு போறத நியூஸ்ல பாத்திருப்பீங்க, நீங்க அந்த பக்கம் மாட்டிக்கிட்டா அங்க இருக்கறவங்களுக்கும் பாரம். மழை விட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு போனா மலை கழுவி விட்ட மாதிரி இருக்கும், ஓடை எல்லாம் ஓடும். அட்டை இருக்கும், உப்பு கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கோங்க, கடிச்சா பதறி பிச்சு எடுக்காதீங்க.

சாப்பாடு, பெட்ரோல், காசு எல்லாம் குலசேகரத்துலயே முடிச்சுக்கோங்க, அதுக்கு மேல போன் சிக்னலயும் நம்ப வேண்டாம். பஸ்ல போறவங்க ஏறும்போதே கண்டக்டர் கிட்ட திரும்பற கடைசி பஸ் எத்தன மணின்னு கேட்டுக்கோங்க. கொண்டு போற பிளாஸ்டிக் கவர் திரும்ப உங்க கூடவே வரணும், அது வனவிலங்கு சரணாலயம்.

ஒரே நாள்ல பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு, மாத்தூர், கோதையாறுன்னு எல்லாத்தையும் அடுக்காதீங்க, எதையும் பாக்காம எல்லா இடத்துலயும் பார்க்கிங் தேடிட்டு வருவீங்க. காலைல நேரா கோதையாறு, மத்தியானம் கிளம்பி பேச்சிப்பாறை, அது போதும். பேச்சிப்பாறை அணை 1897ல ஆரம்பிச்சு 1906ல முடிஞ்சது, கட்டின எஞ்சினியர் மிஞ்சின், ஊர் ஜனங்க வச்ச பேரு மூக்கன் துரை, அவர் கல்லறை அணை பக்கத்துலயே இருக்கு, நிறைய பேர் பாக்காமலே கடந்து போயிருவாங்க. இருட்டறதுக்குள்ள குலசேகரம் வந்து சேருற மாதிரி கிளம்பிடுங்க, ஆனை நடமாட்டம் உள்ள ரோடு, ஹார்ன் அடிச்சு வேகமா வந்துரலாம்னு நினைக்காதீங்க. குலசேகரத்துல ஒரு சாயாவும் சூடா பழம்பொரியும் கண்டிப்பா கிடைக்கும்.