பயோ டீசலோடு கொழும்புக்கு வெளிக்கிடுபவர்கள் விடுகிற பிழைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஏ-9 வீதி நெடுகப் பெற்றோல் செட்டுகள் உண்டு. அடிக்கக் கிடைப்பது ஓட்டோ டீசலும் சூப்பர் டீசலும்தான். "வவுனியாப் பக்கம் எங்கேயாவது கிடைக்கும்" என்று வெளிக்கிடுவது முதற்பிழை. பயோ டீசல், அதாவது சமையல் எண்ணெயிலிருந்து காய்ச்சி எடுக்கும் டீசல், வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டிய சாமான். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வானுக்குப் போய்வர 80 லீற்றர் வேண்டும். நூற்றுக்கு 20 பங்கு கலந்தால் பயோ டீசல் 16 லீற்றர். ஒரு 20 லீற்றர் பிளாஸ்டிக் கானுக்குள் அடங்கிவிடும். நாகம் பூசிய வாளி, செம்பு, பித்தளை எதிலும் வைக்க வேண்டாம், கெதியில் பழுதாகும். தாங்கிக்குள் முதலில் டீசல், அதன்மேல் பயோ டீசல். பயோ டீசல் பாரம் கூடியது. முதலில் ஊற்றினால் அடியிலேயே கிடக்கும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. அதனாலோ என்னவோ, வடை பொரித்த எண்ணெயை வடித்து அப்படியே ஊற்றினாலும் ஓடும் என்ற துணிச்சல் இன்னும் சிலருக்கு இருக்கிறது. பச்சை எண்ணெய் பயோ டீசல் அல்ல. மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கிளிசரின் பிரிந்த பிறகுதான் அது பயோ டீசல். பிரியாத எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிப்பு. மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைகிறதே, பில்டருக்குள்ளும் அதுதான் நடக்கும்.

வாங்கினாலும் காய்ச்சினாலும் சோதிக்காமல் ஊற்றாதீர்கள். ஜாம் போத்தலில் பாதி தண்ணீர், பாதி பயோ டீசல் விட்டு 10 செக்கன் பலமாகக் குலுக்கி வையுங்கள். அரை மணித்தியாலத்தில் இரண்டும் தெளிவாகப் பிரிய வேண்டும். நடுவில் தயிர் போலப் படை நின்றால் சவர்க்காரமோ பிரியாத எண்ணெயோ மிச்சம் இருக்கிறது. இதற்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்காதீர்கள். நம்முடைய சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சச் சவர்க்காரம் பட்டாலே வெள்ளையாகத் திரளும், சோதனை குழம்பிவிடும். மழைத்தண்ணீரே நல்லது.

ஆட்களை நடுறோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் பில்டர்தான். பயோ டீசல் ஊத்தையைக் கரைக்கும். பத்துப் பதினைந்து வருடமாகத் தாங்கியடியில் படிந்த கசடு முழுவதும் முதல் இரண்டு தாங்கி ஓடி முடிவதற்குள் கழன்று பில்டருக்கு வந்து சேரும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. 80 தாண்டினால் இழுவை குறையும், அக்சிலரேற்றரை மிதித்தாலும் ஏறாது, பிறகு நின்றுவிடும். மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் காட்டுக்குள் அது நடந்தால் கராஜ் தேடி அலைய வேண்டும். ஆகவே தூரப் பயணத்துக்கு முன் ஊருக்குள்ளேயே இரண்டு தாங்கி ஓட்டிவிட்டுப் பில்டரை மாற்றுங்கள். புதுசு ஒன்றும் பில்டர் கழற்றியும் வண்டியில் இருக்கட்டும். மாற்றும்போது புதுப் பில்டரை டீசலால் நிரப்பி, ரப்பர் வளையத்தில் டீசல் தடவி, கையால் இறுக்கி, கைப்பம்பு கல்லாகும் வரை அடியுங்கள். இல்லாவிட்டால் எயர் பிடித்துக்கொள்ளும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிற்பீர்கள். தேங்காய் உடைத்த கையோடு பில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீர் இருந்தால் வடித்துவிடுங்கள்.

பழைய டொல்பின் வானின் மெக்கானிக்கல் பம்ப் ஓரளவு பொறுக்கும். ஆனால் அதன் ரப்பர் குழாய்கள் பயோ டீசலில் ஊதி இளகிவிடும். பயோ டீசலைத் தாங்கும் வைற்றன் ரப்பர்க் குழாய் மாற்றுவது நல்லது. கே.டி.எச். வான் போன்ற, டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் பீய்ச்சும் கொமன் ரெயில் வண்டிகளுக்கு வீட்டில் காய்ச்சியது வேண்டவே வேண்டாம்.

நுவரெலியாவுக்குப் போவதாக இருந்தால் எந்த எண்ணெயில் செய்தது என்று கேளுங்கள். பாம் எண்ணெயில் செய்தது 15 பாகை செல்சியசுக்குக் கிட்டவே கலங்கத் தொடங்கும். தை மாத இரவில் அங்கே குளிர் அதைவிட நன்றாகக் கீழே போகும். கண்டியிலேயே வெறும் டீசலால் தாங்கியை நிரப்பிவிட்டு மலை ஏறுங்கள்.

ஊற்றும்போது வெளியே வழிந்தால் அப்போதே துடையுங்கள். பெயின்ரை உரித்துவிடும்.